தண்ணீருக்கடியில் ஒரு கறுப்புக் கோடு

1

இந்தக் கதை கிடைத்தபோது என் மடியில் ஓர் அட்டைப்பெட்டி நிறைய முட்டை இருந்தது.

கேரன் தீவில் எங்கள் பயணமெல்லாம் அப்படித்தான். மிச்சிகன் ஏரி உறைந்து படகு நின்றுவிட்டால், அக்கரையிலிருந்து வினிஃபிரெட் மீஹனின் சின்ன விமானம்தான் கதி. ஏறுகிறவர் மடியில் யாருடைய சாமானாவது இருக்கும். அன்றைக்கு எனக்கு முட்டை. காற்று எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "நீ எப்பவாவது பயந்திருக்கியா வின்னி?" என்று கேட்டேன்.

"பயந்ததில்ல. ஒரு தடவை வாயடைச்சுப் போயிருக்கேன்" என்றாள். பிறகு இறங்கும்வரை பேசவே இல்லை.

எழுதுகிறவனிடம் இப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நிறுத்தலாமா? அடுத்து வந்த கோடை முழுக்க அவள் விமானக் கொட்டகையிலேயே கிடந்தேன். எண்ணெய்த் துணி எடுத்துக் கொடுத்தேன், திருகாணிகளைத் தப்புத் தப்பாக நீட்டினேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். மீதியை, அன்று அவளோடு விமானத்தில் இருந்த பெர்னார்ட் கில்டே சொன்னார். அவர் சொன்னதில் பாதி வசவு. அதைக் கழித்துவிட்டேன்.

தொடக்கம் மட்டும் அமையவில்லை.

'ஏப்ரல் மாதக் காலை. கழுவிக் கவிழ்த்ததுபோல வானம்…'

(வெட்டியாயிற்று. விமானக் கதையில் வானத்தைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?)

'மனிதன் பறக்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து…'

(இது பள்ளிக்கூடக் கட்டுரை.)

'வினிஃபிரெட் மீஹனின் கொள்ளுத்தாத்தா ஒரு திருடன்.'

இது நிற்கட்டும். உண்மையா என்பது வேறு விஷயம். தீவே இதை நம்பியது. கதையைத் தொடங்க அது போதும்.

2

கொள்ளுத்தாத்தா பெயர் கோனல் மீஹன். ரோசன்னா என்ற பாய்மரக் கப்பலுக்கு அவர்தான் தலைவர். இலையுதிர்காலம் முடியும்போது தீவின் உப்பு மீன் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு தெற்கே ஷிகாகோவுக்குப் போவார். விற்றுவிட்டு, குளிர்காலத்துக்கான மாவும் மண்ணெண்ணெயும் காலணிகளும் வாங்கிக்கொண்டு திரும்புவார். ஒரு நவம்பரில் திரும்பவில்லை.

அந்த வாரம் ஏரியில் பெரும் புயல். ஆனால் கப்பல் மூழ்கினால் ஏதாவது கரை ஒதுங்க வேண்டுமே? ஒரு பலகை, ஒரு பீப்பாய், ஒரு தொப்பி. பனி மூடும்வரை பெண்கள் கரையோரமாக நடந்து நடந்து தேடினார்கள். ஒன்றுமே வரவில்லை.

(ஏரி என்று எழுதும்போது எனக்கே கை தயங்குகிறது. மதகும் கலங்கலும் உள்ள ஏரி உங்கள் மனதில் வந்து உட்கார்ந்திருக்கும். தயவுசெய்து அதைக் காலி செய்யுங்கள். இதற்கு அக்கரை தெரியாது. அலை ஆளுயரத்துக்கு மேல் எழும். உப்பு ஒன்றுதான் குறைவு.)

அடுத்த கோடையில் தீவுக்கு வந்த சில்லறை வியாபாரி ஒருவன், ஷிகாகோ மதுக்கடையில் மீஹனைப் பார்த்ததாகவும், ஆள் கொழுத்துப்போய்ச் சிரித்துக்கொண்டிருந்ததாகவும் சொல்லிவிட்டுப் போனான். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. மாலுமிகளை ஏரியில் தள்ளிவிட்டு, கப்பலை விற்றுத் தின்றுவிட்டான் மீஹன் என்று ஊர் முடிவு கட்டியது.

அதன்பிறகு பிறந்த மீஹன்கள் எல்லோரும் அந்தப் பேச்சில்தான் வளர்ந்தார்கள். உப்பு வாங்க அனுப்பினாலும், "அப்படியே ஷிகாகோவுக்குப் போயிடாதே" என்பார்கள். மீன்பிடிப் படகில் மீஹன் பையனைச் சேர்க்கமாட்டார்கள். வின்னி விமானம் ஓட்டக் கற்றதே அதனால்தானாம். "தண்ணியில விடமாட்டேன்னாங்க. மேல யாரும் தடுக்கல" என்றாள்.

3

அவள் வாயடைத்துப்போன அந்த ஏப்ரல் நாளில், அக்கரை விமானத் திடலில் அவளுக்காகக் காத்திருந்தவர் பெர்னார்ட் கில்டே. வயதான மீனவர். அவருடைய கொள்ளுத்தாத்தா ஹியூ கில்டே, ரோசன்னாவில் மீஹனுக்கு அடுத்த நிலையில் இருந்தவர். ஆகவே மீஹன்களைத் திட்டும் உரிமை பெர்னார்டுக்குக் குடும்பச் சொத்து. அக்கரை மருத்துவமனையில் கண்புரை எடுத்துக்கொண்டு, முந்தைய நாள்தான் கட்டு அவிழ்த்திருந்தார்.

"என்ன மீஹன், இந்த டப்பா பறக்குமா, இல்ல நான் இறங்கித் தள்ளணுமா?"

"ஏறி உக்காருங்க பெர்னி. வாயை மூடினா எடை குறையும்."

அவர் அவள் முகத்தருகே குனிந்து பார்த்தார். "உன் மூஞ்சி இப்படியா இருக்கு? இத்தனை நாள் மங்கலாத் தெரிஞ்சப்போ தேவலையே."

"உங்க மூஞ்சியைக் கண்ணாடியில பாத்தாச்சா?"

"பாத்தேன். கட்டைத் திரும்பப் போடச் சொன்னேன். டாக்டரு கேக்கல." சிரித்தார். பிறகு எதிர்பார்த்தது வந்தது. "நேரா தீவுக்குத்தானே? நடுவுல ஷிகாகோ பக்கம் திருப்பிட மாட்டியே?"

வின்னி அவருடைய இடுப்புவாரைத் தேவைக்கு மேல் இறுக்கிவிட்டாள்.

4

(கண் அறுவையை எடுத்துவிடலாமா என்று பலமுறை யோசித்தேன். காட்சிக்கு முதல் நாள் கண் கிடைப்பது, கதாசிரியன் வேண்டுமென்றே செய்ததுபோல இருக்கிறது. பெர்னார்டிடமே கேட்டேன்.

"அதை விட்டுடட்டுமா? படிக்கிறவங்க நம்பமாட்டாங்க."

"கண்ணை எடுத்துட்டா, நான் எதை வெச்சுப் பாத்தேன்னு எழுதுவே?"

ஆகவே இருக்கட்டும்.

இன்னொன்று. இவர்கள் பேசியது ஆங்கிலத்தில். அதுவும் அயர்லாந்துக்காரர்களின் பேரப்பிள்ளைகள் பேசும் ஒரு மாதிரி ஆங்கிலத்தில். அந்தக் குத்தலை எழுதக் கை வந்த மொழி எனக்குத் தமிழ் ஒன்றுதான்.)

5

காற்றே இல்லை. துறைமுகத்தில் பனிக்கட்டி இன்னும் அடைத்துக் கிடந்தது. வெளியே ஏரி, பனி விட்டுப்போய், ஒரு சுருக்கமும் இல்லாமல் கிடந்தது. சில வருடங்களாக எங்கிருந்தோ வந்து பெருகிய சிப்பிகள் தண்ணீரைச் சலித்துச் சலித்துத் தெளியவைத்திருந்தன. அந்தக் குளிர்காலத்துப் பனியோ தீவுக்குத் தென்கிழக்கே இருக்கும் மணல்திட்டை வழித்து எடுத்திருந்தது. இதெல்லாம் நான் பிறகு சேர்த்த காரணங்கள். அப்போது வின்னிக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஏரிக்குத் தரை இருந்தது. பச்சையும் பொன்னுமாக, அலை வரைந்த மணல் வரிகளோடு, யாரும் கால் வைக்காத ஒரு நாடு அடியில் விரிந்து போய்க்கொண்டிருந்தது.

அதில் ஓர் இலை கிடந்தது.

இலை என்றுதான் நினைத்தாள். நீண்டு, ஒரு முனை கூராக, பழுப்பாக. அப்போது விமானத்தின் நிழல் ஏரித்தரையில் ஊர்ந்து போய் அந்த இலைமேல் ஏறியது. ஏறி, அதற்குள்ளேயே அடங்கிவிட்டது.

'அப்போது அவள் உள்ளத்தில் எழுந்த உணர்வு…'

(இல்லை. என்ன எழுந்தது என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை. நான் யார்?)

தாழ்ந்து வட்டமிட்டாள். முழுக் கப்பல். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. மேல்தளப் பலகைகளை எண்ணலாம்போல இருந்தது. சரக்கறையின் சதுர வாய் திறந்து கிடந்தது. பாய்மரங்கள் இரண்டும் ஒடிந்து, யாரோ பார்த்துப் பார்த்து எடுத்து வைத்ததுபோலப் பக்கத்தில் படுத்திருந்தன. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தலைக்கு மேலே பனி இறுகி, உருகி, படகுகள் போய்வந்து, பேச்சுகள் போய்வந்து, அது மட்டும் தான் இறங்கிய இடத்திலேயே இருந்தது.

பெர்னார்ட் தொப்பியைக் கழற்றினார். கண்ணாடி ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டார். "பின்பக்கம் சதுரமா இருக்கு பாரு" என்று மெல்லச் சொன்னார். "இந்தத் தீவுல ஒரே ஒரு கப்பலைத்தான் அப்படிக் கட்டினாங்க."

வின்னி அதைப் பார்க்கவில்லை. முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கப்பலின் மூக்கிலிருந்து ஒரு கறுப்புக் கோடு புறப்பட்டு, மணலில் கொஞ்சமும் வளையாமல் வடமேற்கே போய்க்கொண்டிருந்தது. எங்கே முடிகிறது என்று தெரியாத அளவுக்கு நீளமான கோடு.

"அது என்ன பெர்னி?"

அவர் கோட்டின் வழியே பார்வையை ஓட்டினார்.

6

அந்த நேரத்தில் விமானம் அலறியது.

கீழே பார்த்துக்கொண்டே சுற்றியதில் வேகம் குறைந்து, இறக்கைக்குப் பிடிமானம் போகும் நிலை வந்துவிட்டது. அதைச் சொல்லும் எச்சரிக்கை ஒலி. பறக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஒருபோதும் அவள் அதைக் கேட்குமளவுக்கு விட்டதில்லை. ஒரு பக்க இறக்கை சரிந்தது. ஜன்னல் முழுக்கத் தண்ணீர் எழுந்து வந்தது. கப்பல் பெரிதானது.

மூக்கைக் கீழே தள்ளி, விசையைக் கடைசிவரை கொடுத்தாள். மேலே போகத் துடிக்கும் கைக்கு அது எளிதல்ல. பின்னால் ஒரு முட்டைப் பெட்டி கவிழ்ந்தது. விமானம் தண்ணீரை உரசுகிற மாதிரி இறங்கி, நிமிர்ந்து, மெல்ல ஏறியது.

கில்டேக்கள் மீஹனோடு ஏரியில் மூழ்கிப்போவது இது இரண்டாவது முறையாக ஆகியிருக்கும்.

(இந்த வரியை வெட்டச் சொன்னாள் வின்னி. பெர்னார்ட் வைக்கச் சொன்னார். வைத்திருக்கிறேன்.)

"சங்கிலி" என்றார் பெர்னார்ட், ஒன்றுமே நடக்காததுபோல. "நங்கூரச் சங்கிலி. மொத்தத்தையும் விட்டிருக்கான். வடமேற்குப் புயல். காத்து அவனை மணல்திட்டு மேல தள்ளியிருக்கு. மோதாம இருக்க நங்கூரம் போட்டு இழுத்துப் பிடிச்சிருக்கான். பலகை எப்படி நம்ம கரைக்கு வரும்? எல்லாம் அந்தப் பக்கம் போயிருக்கும்."

அவள் விமானத்தை அந்தக் கோட்டின் திசைக்குத் திருப்பினாள். "வடமேற்குல என்ன இருக்கு பெர்னி?"

"உனக்குத் தெரியாதா?" அவர் முன்னால் கை காட்டினார். தீவு தெரிந்தது. தேவாலயக் கூரைகூடத் தெரிந்தது. "இங்கருந்து விளக்கு தெரிஞ்சிருக்கும்மா அவனுக்கு. நம்ம வீட்டு விளக்கெல்லாம்."

அவர் அவளை அம்மா என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

7

தீவுத் திடலில் சாமானுக்காக ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். பெர்னார்ட் இறங்கினார். தொப்பி இன்னும் கையில்தான் இருந்தது. யாரோ, "கண்ணு எப்படி இருக்கு கில்டே?" என்று கேட்டார்கள்.

"மீஹன் நங்கூரம் போட்டிருக்கான்" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. அவர் இன்னொரு தடவை, சண்டைக்குப் போகிறவர்போலச் சத்தமாகச் சொன்னார். பிறகு திடலின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதார். அறுவை செய்த கண், அழக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தாராம். வின்னி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். உடைந்த முட்டைகளைப் பற்றி அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

8

இதோடு முடித்திருக்கலாம். முடித்தும் வைத்திருந்தேன். ஆனால் வாழ்க்கை என் முடிவைத் தாண்டிப் போய்விட்டது.

மறுநாளே காற்று எழும்பி ஏரி கலங்கியது. பிறகு யாருக்கும் அந்தக் கப்பல் தெரியவில்லை. வின்னிக்கு மட்டும் இடம் தெரியும். முக்குளிப்பவரை அழைத்துப் போய்ப் பெயர்ப்பலகையைத் தேட வேண்டும் என்கிறாள். ரோசன்னாதானா என்று தெரிய வேண்டும் அவளுக்கு. வேண்டாம் என்று குறுக்கே நிற்பவர் பெர்னார்ட்!

என் சமையலறையில்தான் அந்தச் சண்டை நடந்தது.

"நான்தான் சொல்லிட்டேனே. பின்ன எதுக்கு?"

"நீங்க சொன்னாப் போதுமா பெர்னி?"

"ஆயுசு பூரா உங்களைத் திருடன்னு நான் சொன்னேன். ஊரு நம்புச்சு. அதுக்கு எவனாவது முங்கிப் பாத்தானா? இப்போ இதையும் நான் சொல்றேன். நம்பிட்டுப் போகட்டுமே."

"வேற கப்பலா இருந்தா?"

"இருந்தா?" அவர் குரல் இறங்கிவிட்டது. "எனக்கு அது தெரிய வேணாம்மா."

"எனக்குத் தெரிஞ்சாகணும்."

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். முக்குளிப்பவர் பாசியைத் துடைக்கிறார், எழுத்துகள் தெரிகின்றன: ரோ… அல்லது வேறு ஏதோ ஒரு பெயர், யாருடையதோ ஒரு கப்பல், அதற்காகவும் எங்கோ ஒரு கரையில் பெண்கள் நடந்திருப்பார்கள். அல்லது மணல் திரும்ப மூடிவிட்டது, ஒன்றும் இல்லை. மூன்றையும் கிழித்துவிட்டேன்.

ஏனென்றால் இன்று காலை காற்று விழுந்துவிட்டது. ஏரி தெளிந்திருக்கிறது. முதலில் மேலிருந்து இடத்தைக் காட்ட, வின்னி முக்குளிப்பவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். கடைசி நிமிடத்தில், திட்டிக்கொண்டே, பெர்னார்டும் ஏறிக்கொண்டார். அவளுக்குப் பக்கத்து இருக்கையில். இடுப்புவாரைத் தானே இறுக்கிக்கொண்டார்.

அவர்கள் திரும்பி வந்து சொல்லிவிட்டால் இது செய்தி. கதையை அதற்கு முன்பே உங்களிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். விமானத்தில் பின்னால் ஓர் இடம் காலியாக இருக்கிறது. நீங்கள் உட்காருங்கள். கீழே தரை தெரியத் தொடங்கிவிட்டது. பெர்னார்ட் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். வின்னி மூடவில்லை. அவள் மெல்ல இறக்கையைச் சாய்க்கிறாள்.