பேருக்கு மட்டும் பதவி

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவரை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். சம்பளம் கால் பங்கு கூடியது. வேறு ஆளாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பான். இவருக்கு அலுப்புத்தான் வந்தது.

பின்னே என்ன? போன தடவை கூடியபோது பெரிய வீட்டுக்கு மாறினார்கள். வாடகை வாயைத் திறந்து எல்லாவற்றையும் விழுங்கியது. அதற்கு முந்தின தடவை பைக். எவ்வளவு கூடினாலும் மாசக் கடைசியில் கை காலிதான். மனைவியோ துணிக் கம்பெனியில் இஸ்திரி மேசை முன்னால் பத்து மணி நேரம் நின்றுகொண்டே இருந்தாள். காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்து, சாயங்காலமானால் செருப்பு ஏறாது. இப்படியே நின்றால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"இந்தத் தடவை கூடின காசுல ஒத்தைப் பைசா செலவாகக் கூடாதுங்க" என்றாள் அவள். "பழைய சம்பளத்துலயே ஓட்டுவோம். ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுச் சேர்த்துட்டா, நான் வேலையை விட்டுடறேன்."

சரிதான். ஆனால் சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? விருந்து எங்கே என்பார்கள், கைமாற்று கேட்பார்கள். அதனால் இருவரும் ஒரு பொய்யைப் பேசி வைத்துக்கொண்டார்கள். பதவி பேருக்குத்தான், சம்பளம் அதேதான். இவருடைய அக்காவிடமும் அதையே சொன்னார்கள்.

அக்கா தையல் கடையில் பழைய துணிகளைப் பிரித்துத் தைப்பவர். தனி ஆள். தம்பியென்றால் உயிர். கேட்டதும் பொரிந்து தள்ளினார்.

"வேலையை மட்டும் ஏத்துவானுங்க, கூலி கிடையாதா? நல்லா இருக்குடா கதை!"

அந்த வாரத்திலிருந்து எண்ணெய், பருப்பு, சோப்பு என்று பையும் கையுமாக வந்து நின்றார். வேண்டாமென்றால், "நான் என்ன அந்நியமா?" என்று கோபம் வேறு. வாங்கி வைத்தார்கள். சேமிப்பும் மளமளவென்று ஏறியது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், சௌகரியமாகத்தான் இருந்தது.

பத்தாவது மாதம், ஞாயிற்றுக்கிழமைகூட தம்பி வேலைக்குப் போவதைப் பார்த்த அக்காவுக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் நேராகக் கம்பெனிக்கே போய்விட்டார். "என் தம்பி என்ன இளிச்சவாயனா?" என்று மேனேஜரைப் பிடிபிடியென்று பிடித்தார். அந்த மனிதர் திருதிருவென்று விழித்தார். "அம்மா, அவருக்குப் பத்து மாசமா கால் பங்கு கூடவே குடுக்கறோமே!"

சாயங்காலம் இவர் வீடு திரும்பியபோது அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பை இல்லை. கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் தேவலை.

"கம்பெனியில எல்லாம் சொன்னாங்க. எதுக்குடா எங்கிட்டப் பொய்?"

மனைவிதான் ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்துக் காட்டினாள். டாக்டர் சொன்னது, ஒரு வருஷக் கெடு, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். அக்கா குனிந்து பார்த்தார். சரியாகத் தெரியாமல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதன் ஒரு பக்கக் கால் தையல் நூலால் கட்டப்பட்டிருந்தது. விரல் நுனியெல்லாம் ஊசிக் குத்து.

"கண்ணாடி எப்பக்கா உடைஞ்சுது?"

"ஆச்சு, ஏழெட்டு மாசம். பவரும் ஏறிடுச்சாம். மாத்தலாம் மாத்தலாம்னுதான்..."

வாராவாரம் வந்த எண்ணெயும் பருப்பும் எந்தக் காசு என்று இவருக்குப் புரிந்துவிட்டது. சீ, என்ன மனுஷன் நான் என்றிருந்தது.

அக்கா எழுந்தார். "சொல்லியிருந்தா உங்கிட்ட வந்து பங்கா கேட்டிருப்பேன்? போகட்டும். இன்னும் ரெண்டு மாசம்தானே, அந்தக் காசைத் தொடாதீங்க." வாசலில் செருப்பைக் காலால் தடவித்தான் கண்டுபிடித்தார்.

அவர் போன பிறகு மனைவி பாஸ்புக்கை எடுத்து வந்து இவர் கையில் வைத்தாள்.

"நாளைக்கு அண்ணியைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. நல்ல கண்ணாடியா வாங்குங்க."

ஸ்டூலைச் சுவரோரம் தள்ளிவிட்டு, வீங்கிய காலைத் தேய்த்துக்கொண்டாள்.

"நான் இன்னும் ஒரு மாசம் கூட நின்னுக்கறேன்."