அவர் கூடுதலாக வாழ்ந்த எட்டு நாட்கள்

இரண்டாம் மாடியில், பல் மருத்துவருக்கும் பூட்டிக் கிடந்த ஒரு டிராவல்ஸ் அலுவலகத்துக்கும் நடுவே இருந்தது நோட்டரியின் அறை. கையெழுத்துப் போடுகிறவர் தன் முன்னால்தான் போட்டார் என்று முத்திரை குத்தி உறுதி சொல்வது அவள் தொழில். பத்தொன்பது வருஷமாக அதே மேசை, அதே ஜன்னல். கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. முப்பத்திரண்டு படி ஏறி மூச்சு வாங்க வருகிறவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் காகிதத்தைக் கேட்பாள்.

அவளிடம் அதிகம் வருகிறவர் ஒரு வீட்டுக்கடன் தரகர். அலட்டிக்கொள்ளாத, சிரித்த முகம். “உங்க வட்டியை நான் குறைச்சுத் தரேன்” என்று யாரைப் பார்த்தாலும் ஆரம்பிப்பதால் அந்தத் தெருவே அவரை ‘வட்டிக்குறைப்பு’ என்றுதான் கூப்பிட்டது. மாதக் கடைசி என்றால் ஒரு நாளைக்கு மூன்று கட்டுகூடக் கொண்டுவருவார்.

ஒரு மாதம் பதினொன்றாம் தேதி காலை அவர் தனியாக ஏறி வந்தார்.

“மேடம், புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் கீழே கார்ல இருக்காங்க. அவருக்கு நெஞ்சு சரியில்லை. ஒரு படி ஏறினா உட்கார்ந்துடுவார். எல்லாத்துலயும் கையெழுத்து ஆச்சு. உங்க முத்திரைதான் பாக்கி.”

“நேர்ல பார்க்காம எப்படிங்க?”

“ஜன்னல் வழியா பாருங்களேன். எதிர்லதான் நிக்குது.”

அவள் பார்த்தாள். எதிர்ச் சாரியில் சாம்பல் நிறக் கார். பின் ஜன்னல் கண்ணாடி இறங்கியிருந்தது. உள்ளே வெள்ளைச் சட்டை. ஒரு கை மெல்ல உயர்ந்து தாழ்ந்தது. அவளும் மரியாதைக்குத் தன் கையைத் தூக்கினாள். வருகிறவர்கள் கையெழுத்துப் போட வேண்டிய பதிவேட்டைத் தரகரே கீழே எடுத்துப்போய் இரண்டே நிமிடத்தில் இரண்டு கையெழுத்துகளோடு திரும்பினார். அவள் முத்திரை குத்தினாள்.

நான்கு மாதம் கழித்து ஓர் அம்மாவும் மகளும் படியேறி வந்தார்கள். மகளுக்கு முப்பது வயதிருக்கும். உட்காரவுமில்லை, தண்ணீரைத் தொடவுமில்லை. கையிலிருந்த நகலை மேசையில் வைத்தாள்.

“இது உங்க முத்திரைதானே?”

“ஆமாம்.”

“பதினொன்னாம் தேதி எங்கப்பா உங்க முன்னாடி கையெழுத்துப் போட்டார்னு இருக்கு. அவர் மூணாம் தேதியே போயிட்டார்.”

நோட்டரிக்கு முதலில் அது காதிலேயே விழவில்லை. பிறகு விழுந்தது.

மகள் நிறுத்தாமல் சொன்னாள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். படுக்கையில் இருந்தபோது தரகர் வந்து, வட்டி குறையும் என்று சொல்லி அப்பா அம்மா இருவரிடமும் ஒன்றும் எழுதாத வெற்றுப் படிவங்களில் கையெழுத்து வாங்கிப் போனார். பழைய கடனுக்குக் காப்பீடு இருந்தது. அப்பா இறந்ததும் கடனும் முடிந்திருக்க வேண்டும். ஆனால் பதினொன்றாம் தேதி அவரே புதுக் கடன் வாங்கிப் பழையதை அடைத்ததாகக் காகிதம் சொன்னது. புதுக் கடனுக்குக் காப்பீடு இல்லை. வங்கியில் இறப்புச் சான்றிதழைக் காட்டினால், “கோர்ட்ல தீர்த்துக்கோங்க, அதுவரைக்கும் தவணையைக் கட்டுங்க” என்கிறார்களாம். இப்போது வீட்டை ஏலத்துக்கு விடப்போவதாக நோட்டீஸ்.

“தரகருக்குத் தெரியாம நடந்திருக்குமோ?” என்றாள் நோட்டரி.

“நாலாம் தேதி எங்க வீட்டுக்கு வந்து அம்மா கையைப் பிடிச்சு அழுதுட்டுப் போனார். அந்த மாசக் கணக்குல காட்டினாத்தான் கமிஷனாம். அவர் கமிஷனுக்காக எங்கப்பாவை இன்னும் எட்டு நாள் உயிரோட வெச்சிருந்தார். நீங்களும்தான்.”

“நான் பார்த்தேன்மா,” என்றாள் நோட்டரி. “கார்ல இருந்தார். கையைத் தூக்கினார்.”

அம்மா நிமிர்ந்தார்.

“எந்தக் கை?”

“அம்மா, சும்மா இரு.”

“இல்லடி, கேக்கறேன். கடைசியில அவருக்கு வலது கை தூக்கவே வரல. எந்தக் கையைத் தூக்கினார், சொல்லுங்க. முகம் எப்படி இருந்துச்சு?”

முகத்தை அவள் பார்த்திருக்கவில்லை. மகள் அம்மாவைத் தோளோடு அணைத்துக் கூட்டிப்போனாள்.

அன்றிலிருந்து படிக்கட்டு அவளை விடவில்லை. மத்தியானம் பல் மருத்துவர் சாப்பிடப் போனபின் கட்டடம் அடங்கிவிடும். அப்போது யாரோ ஏறுவார்கள். ஏழு படி. நிற்பார்கள். இழுத்து இழுத்து மூச்சு விடும் சத்தம். மறுபடி நாலு படி. அவள் தண்ணீர்க் குவளையை நிரப்பிக்கொண்டு வாசலுக்குப் போவாள். யாரும் இருக்க மாட்டார்கள். தெருவில் நிறுத்திய எந்தக் காரைக் கண்டாலும் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். வீட்டில் விஷயம் தெரிந்ததும் அவள் கணவர், “உன் முத்திரை இருந்தா செத்தவனும் கடன் வாங்கலாம் போல” என்று சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தி, அன்று முழுக்க அவளைச் சுற்றிச் சுற்றியே இருந்தார்.

பத்து நாளில் தரகர் வந்தார். அதே சிரிப்பு. பையிலிருந்து ஒரு புதுப் பதிவேட்டை எடுத்து வைத்தார். அவளுடையதைப் போலவே பச்சை அட்டை.

“அந்தப் பொண்ணு புகார் கொடுத்திருக்கா. விசாரணைன்னு கூப்பிடுவாங்க மேடம். பதறாதீங்க. பதினொன்னுல ஒரு ஒன்னை எடுத்துட்டா ஒன்னாம் தேதி. அப்போ மனுஷன் உயிரோட இருந்தாரே! அந்த மாசத்தை மட்டும் இதுல புதுசா எழுதிடுங்க. மத்த காகிதத்தை எல்லாம் நான் பார்த்துக்கறேன்.”

“அன்னிக்குக் கார்ல யாரு இருந்தா?”

“அவர்தான். நீங்களே பார்த்தீங்களே.”

“அன்னிக்கு அவர் செத்து எட்டு நாள் ஆகியிருந்துச்சு.”

சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. “அப்போ யாரோ ஒருத்தர். இப்போ எதுக்கு அதெல்லாம்? மாட்டினா ரெண்டு பேரும்தான் மாட்டுவோம். யோசிச்சு வைங்க.”

அவர் இறங்கிப் போனதும் அவள் ஜன்னலுக்குப் போனாள். சாம்பல் நிறக் கார் எதிர்ச் சாரியில் அதே இடத்தில் நின்றது. உள்ளே ஆளில்லை. தரகர் இன்னும் தெருவைக் கடந்துகொண்டிருந்தார். திறந்திருந்த பின் ஜன்னலருகே கொக்கியில் ஓர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை தொங்கியது, யாரையாவது பெரிய இடத்தில் பார்க்கப் போகுமுன் மாற்றிக்கொள்ள வைத்திருப்பார் போலிருக்கிறது. ஒரு லாரி போனது. காற்றில் சட்டையின் கை மெல்ல உயர்ந்து தாழ்ந்தது.

ஒரு சட்டைக்கு அவள் கையசைத்திருந்தாள்.

விசாரணைக்குப் பழைய பதிவேட்டையும் புதியதையும் சேர்த்தே எடுத்துப்போனாள். அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். தரகர் முன்வரிசையில் இருந்தார். அம்மாவும் மகளும் பின்னால்.

“கையெழுத்துப் போட்டவரைப் பார்த்தீங்களா?”

“இல்லைங்க. ஒரு சட்டையைப் பார்த்தேன்.”

சட்டை, வெற்றுப் படிவம், கீழே போய் வந்த பதிவேடு, பச்சை அட்டை எல்லாவற்றையும் சொன்னாள். தரகர் ஏதோ சொல்ல எழுந்தார். அதிகாரி கையமர்த்தினார்.

“முப்பத்திரண்டு படிதானே. நீங்க ஏன் கீழே இறங்கிப் போய்ப் பார்க்கலை?”

வேறு ஏதாவது பெரிய காரணம் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. இல்லை.

“அப்போதான் டீ வந்துச்சு. ஆறிடும்னு இருந்துட்டேன்.”

பின்வரிசையில் அம்மா அழும் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை.

தரகரின் உரிமம் போனது. போலிக் கையெழுத்துக்காக அவர்மேல் வழக்கும் விழுந்தது. புதுக் கடன் செல்லாது என்றானது. காப்பீட்டுப் பணம் வந்து பழைய கடன் முடிந்தது. வீடு அவர்களிடமே நின்றது. நோட்டரி அபராதம் கட்டி, முத்திரையை ஓர் உறையில் போட்டு ஒப்படைத்துவிட்டு வந்தாள்.

இப்போது ஒரு ஜெராக்ஸ் கடையின் ஓரத்தில் மேசை போட்டு விண்ணப்பங்கள் எழுதித் தருகிறாள். சென்ற வாரம் அந்த அம்மா வந்தார். மகள் இல்லை. பென்ஷன் அலுவலகத்துக் கடிதம் ஒன்றைப் பிரித்து நீட்டினார்.

“கண்ணு சரியா தெரியல. படிச்சுச் சொல்றீங்களா?”

அவள் கடைசியில் இருந்த பொடி எழுத்துவரை ஒரு வரி விடாமல் வாசித்தாள். புரியாத இடத்தில் நிறுத்தி மறுபடி சொன்னாள். அதில் கேட்டிருந்த இடத்தில் அம்மா கையெழுத்துப் போட நெடுநேரம் பிடித்தது. அந்தப் பேனாமுனை காகிதத்தை விட்டு எழும்வரை அவள் இமைக்கவில்லை.

“எவ்வளவு தரணும்?”

“ஒன்னும் வேணாம்மா.”

அந்த அம்மா ஒரு நாணயத்தை மேசையில் வைத்துவிட்டு, வெயிலுக்கு முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு நடந்தார்.