நான்கு நொடிக்கு ஒரு தட்டு

குமாஸ்தாவுக்குப் புத்தி கொஞ்சம் அதிகம் என்று அலுவலகத்தில் ஒரு பெயர் உண்டு. கணினியில் ஒரே விசையை ஆயிரம் தடவை தட்டும் வேலையை, தானே எழுதிய குட்டி நிரலிடம் ஒப்படைத்துவிட்டுக் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மேலாளர் பார்த்துவிட்டால் வேலைக்கே உலை வைத்துவிடுவார் என்பதால், அது திரையில் எங்குமே தெரியாமல் ஒளிந்து ஓடும். நிறுத்த வேண்டுமா, எஃப் எட்டு விசையில் ஒரு தட்டு.

இன்று லீவு போட்டு, அதே நிரலை வீட்டு மடிக்கணினியில் ஓடவிட்டிருந்தார். மனைவியின் கண் மங்கிக்கொண்டே வந்தது. இந்த மாதத்துக்குள் அறுவை சிகிச்சை நடக்காவிட்டால் மிச்சப் பார்வையும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். யாராவது ரத்து செய்தால்தான் மருத்துவமனையின் இணையப் பக்கத்தில் இடம் காலியாகும். அதையும் வேறொருவர் அள்ளிக்கொண்டு போய்விடுவார். மூன்று வாரமாகப் பக்கத்தைப் புதுப்பிக்கத் தட்டித் தட்டி விரல் வீங்கியதுதான் மிச்சம். இனி நான்கு நொடிக்கு ஒரு முறை நிரலே தட்டும்.

பத்தரை மணிக்கு வந்துவிட்டது. 'ஓர் இடம் உள்ளது. நோயாளி எண்ணை உள்ளிடவும்.'

எட்டு இலக்கம். இரண்டு விரலால் தேடித் தேடி அடிக்கிறவர் மூன்றாவதைத் தொடுவதற்குள் நிரல் தட்டியது, பெட்டி காலி. எஃப் எட்டை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. போன வருஷம் காபி கொட்டியதிலிருந்து இந்தக் கணினியில் அந்த விசை செத்துக் கிடப்பது அப்போதுதான் உறைத்தது. அலுவலகத்தில் சோதித்துப் பார்த்த மேதாவி வீட்டில் பார்க்கவில்லை. கண்ணுக்கே தெரியாத நிரலை எங்கே போய் மூடுவது? அணைத்துப் போட்டால் மறுபடி எழுந்திருக்க ஐந்து நிமிடம். அதற்குள் இடம் போய்விடும்.

மறுபடி அடித்தார், நாலாவதில் அழிந்தது. மறுபடியும். தன் கையாலேயே அவள் கண்ணைக் குத்திவிட்டோமே.

"ஐயோ, நில்லு சனியனே!" என்று கத்தினார்.

"ஏங்க, என்னாச்சு?" சுவரைப் பிடித்துக்கொண்டு மனைவி வந்தாள்.

அழுகையும் பேச்சுமாகச் சொன்னார்.

"தள்ளுங்க" என்றாள். கண் மங்கும்வரை பதினெட்டு வருஷம் கோர்ட்டில் தட்டச்சு செய்தவள். விசைகளைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். "எனக்குத் திரை தெரியாது. பக்கம் புதுசா வந்ததும் சொல்லுங்க."

"இப்ப!"

எட்டு இலக்கமும் விழுந்தன. எண்டருக்கு முன்னால் நிரல் துடைத்துவிட்டது.

"இடம் இருக்கா?"

"இன்னும் இருக்கு."

"அப்ப சொல்லுங்க."

"இப்ப!"

படபடவென்று ஒரே சத்தம். ஏதோ ஒரு பக்கம் வந்தது. அவர் படிப்பதற்குள் நிரல் அதையும் துடைத்தது. அடுத்த பக்கம், 'இடம் இல்லை' என்றது. யாருக்குப் போனதென்று சொல்லவில்லை.

மேஜையில் கைப்பேசி அதிர்ந்தது.

"படிங்க" என்றாள்.

கண்ணீரினூடே எழுத்துக்கூட்டிப் படித்தார். மருத்துவமனையின் குறுஞ்செய்தி. அவளுடைய நோயாளி எண்தான். வியாழக்கிழமை, காலை எட்டு மணி. படித்துவிட்டு அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். திரையில் நிரல் பாட்டுக்குத் தட்டிக்கொண்டே இருந்தது.

"வியாழக்கிழமையும் லீவு சொல்லிடுங்க" என்றாள் அவர் தலையைத் தடவியபடி. "எப்படியும் ஆபீஸ்ல உங்க வேலையை அதுதானே பாக்குது."