அகத்தியருக்குப் பக்கத்துச் சிவப்பு

உலகச் சண்டை வருவதற்கு முன்னால், ஜெர்மன் சாயம் தகர டப்பாவில் வந்துகொண்டிருந்த காலம். ராசிபுரத்தில் வீரபாகுவின் சாயப்பட்டறையில் சிவப்பு நூலுக்குக் கண் பார்க்கிறவள் சாரதாமணி. சாயத்தில் புதிதாக முக்கியெடுத்த நூல் சிட்டத்தை இரண்டு பழைய சிட்டங்களுக்கு நடுவே வைப்பாள். ஒன்று கொஞ்சம் அழுத்தம், மற்றது கொஞ்சம் வெளுப்பு. இரண்டுக்கும் நடுவே புதுசு ஒழுங்காக உட்கார்ந்தால்தான் ‘சரி’ என்பாள். அவளிடம் அந்த ஒரு சொல்லை வாங்குவதற்குள் முதலாளிக்கே உயிர் போய்விடும். கூறைச்சேலைக்குப் போகிற சிவப்பு ஆயிற்றே, ஏனோதானோ என்று விட முடியுமா?

விடியுமுன்னே பட்டறையில் அடுப்பு மூட்டிவிடுவார்கள். ஆவணி மாதத்தில் ஒரு நாள், அடுப்புப் புகைக்கு முகத்தைத் திருப்பியவள் தெற்கு வானத்தில் அதைப் பார்த்தாள். அகத்திய நட்சத்திரத்துக்குக் கிழக்கே, இரண்டு விண்மீன்களுக்கு நடுவில், நல்ல சிவப்பாக ஒன்று. தொழில் புத்தி விடுமா? அங்கேயும் நடுவில் வைத்துப் பார்த்துவிட்டு, “சரி” என்றாள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. “அண்ணா, உங்க சிவப்பைவிட அது நல்ல சிவப்புங்க” என்று வீரபாகுவிடமே சொல்லிவிட்டாள். பட்டறை சிரித்தது. தலையைத் தூக்கிப் பார்க்கத்தான் ஒருவருக்கும் நேரமில்லை. வீரபாகு அதை மனசில் முடிந்து வைத்துக்கொண்டார்.

ஐப்பசி முழுக்க மழையும் மூட்டமும். கார்த்திகையில் வானம் வெளுத்த ஒரு விடியலில், முந்தின நாள் சாரதாமணி கழித்துப் போட்ட சிட்டங்களைக் கையில் பிடித்துக்கொண்டு வீரபாகு வாசலில் நின்றார்.

“இது வெளுப்பா அம்மிணி? நம்ம நூலைவிடச் சிவப்பா வானத்துல ஒண்ணு கண்டியே, அதைக் காட்டு பாக்கலாம்.”

வேலையாட்கள் அத்தனை பேரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். சாரதாமணி அண்ணாந்தாள். அகத்தியர் இருந்தார். அந்த இரண்டு மீன்களும் இருந்தன. நடுவில் வெறும் இருட்டு. வேறு எதையாவது கைகாட்டியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? பொய் சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை.

“காணமுங்க.”

“நட்சத்திரம் எங்கம்மிணி போகும்? போனது உன்ற கண்ணு. நாளையிலிருந்து நீ வர வேண்டாம்.”

வாசலில் நின்ற ஆட்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் அவள் கையால் தொழில் பழகியவர்களும் இருந்தார்கள். அதுதான் அவளைச் சுட்டது.

வீட்டில் கணவர் கைலாசம் தறிக்குழியிலிருந்தே, “போனாப் போகுது புள்ள, ஊட்டுல இழை சுத்து” என்றார். ஆறுதல் சொல்லத் தெரியாத நல்ல மனுஷன். அவளுக்கோ வேறு பயம். வெளுத்த சிவப்பு தானாகத் திரும்பியதாகச் சாயக்காரர் யாரும் கண்டதில்லை. நட்சத்திரம் வெளுக்காது, எனவே கண்தான் வெளுத்தது என்று அவளே நம்பிவிட்டாள். வானத்தை ஏறிட்டுப் பார்ப்பதையும் விட்டுவிட்டாள். வீங்கியும் சுருங்கியும் பிரகாசம் கூடிக் குறைகிற செந்நிறப் பெருமீன்கள் உண்டு என்று இன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். அன்றைக்கு அவளுக்கு யார் சொல்வது?

தை மாதம், விளக்கு வைக்கிற நேரம். வாசலில் காய்ந்த நூலை எடுக்க வந்தவள், கை தூக்கியபடியே நின்றுவிட்டாள். தென்கிழக்கே அகத்தியர். பக்கத்தில் அந்த இரண்டு மீன்கள். நடுவில் மங்கலாக ஒரு செம்பொட்டு.

யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒருமுறை பட்ட அவமானம் போதாதா? தினமும் அந்தியில் வந்து நடுவில் வைத்துப் பார்த்தாள். இன்னும் வெளுப்பு, இன்னும் வெளுப்பு என்று கழித்துக்கொண்டே வந்தாள். ஒருநாள் அது அசல் சிவப்பாக, தன் இடத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

“சரி!” என்று கத்தினாள். கைலாசம் பயந்து தறியை விட்டு எழுந்து ஓடிவந்தார்.

நேரே பட்டறைக்குப் போனாள். ஆட்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணா, வெளியில வந்து தலையைத் தூக்குங்க.”

அவள் குரலுக்கே வீரபாகு வந்துவிட்டார். கைகாட்டிய இடத்தைப் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். பின்னால் வந்த ஆட்களில் ஒருவர், “அட, செக்கச்செவேல்னு இருக்குதுங்கோ!” என்றார். தெருவே கூடிவிட்டது.

“அப்ப அன்னிக்கு எங்க போச்சு?” என்றார் வீரபாகு, விட்டுக்கொடுக்க மனசில்லாமல்.

“அது எனக்குத் தெரியாதுங்க. ஆவணியில இருந்துச்சு, இருக்குதுன்னேன். கார்த்திகையில இல்லை, காணமுன்னேன். இன்னிக்கு வந்திருக்குது. மூணையும் என்ற கண்ணு சரியாத்தானுங்க சொல்லுச்சு.”

வீரபாகு உள்ளே போய் அன்று பகலில் முக்கியெடுத்த சிட்டத்தைக் கொண்டுவந்து, லாந்தரைத் தூக்கிப் பிடித்தார்.

“இதைப் பாத்துச் சொல்லு அம்மிணி.”

“விளக்கு வெளிச்சத்துல சிவப்பைப் பாக்கப்படாதுங்க. காலையில வாரேன்.”

சொல்லிவிட்டு நடந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் வெயில் ஏறியதும் பட்டறையில் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். புதுச் சிட்டத்தை நடுவில் வைத்தாள். வீரபாகு கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“மேல இருக்கறது வெளுத்தாலும் தானாத் திரும்பி வருமுங்க அண்ணா. இது வராது. எடுத்து மறுபடி முக்கச் சொல்லுங்க.”