தவறவிட்டால் ஒரு பாராட்டு

1

இந்தக் கதை எனக்கு ஒரு மதில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிடைத்தது. காலைப் பிரார்த்தனைக்காக, பேருந்து டிப்போவை ஒட்டிய சந்தில் போய்க்கொண்டிருந்தேன். உள்ளே பந்து தரையில் மோதும் சத்தம். பிறகு ஒருவரின் கத்தல்:

"நல்ல மனுஷன்தான்யா நீ! ஒத்துக்கறேன், போதுமா?"

திட்டுகிற தொனியில் ஒருவர் இன்னொருவரைப் புகழ்ந்து நான் அதுவரை கேட்டதில்லை. அன்று பிரார்த்தனையில் மனம் நிற்கவில்லை. ஆண்டவன் மன்னிப்பார், இடைஞ்சல் செய்தது அவருடைய பிள்ளைகள்தானே. சுவர் உயரம், எட்டிப் பார்க்க வழியில்லை. மீதியை நானே கட்டிக்கொண்டேன்.

2

கதிரவன் தன் பொற்கரங்களால் அந்தக் கூடைப்பந்து மைதானத்தை

(வேண்டாம். பழுதான பேருந்துகளுக்குப் பின்னால் எண்ணெய்க் கறை படிந்த சிமெண்டுத் தரை அது. ஒரு கம்பம், ஒரு பலகை, ஒரு வளையம். மைதானம் என்றால் டிப்போக்காரர்களே சிரிப்பார்கள்.)

கேஷியர் அக்காவிலிருந்து தொடங்குகிறேன். டிப்போ அணிக்குப் பயிற்சியாளர் அவர்தான். போன போட்டியில் இவர்கள் எறிந்த பந்து வளையத்தைத் தவிர எல்லாவற்றின் மீதும் பட்டது. எறிந்து பழகச் சொன்னாலோ, நாலு தடவை எறிந்துவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். அக்கா யோசித்து ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தார்.

"ரெண்டு ரெண்டு பேரா நில்லுங்க. மாத்தி மாத்திப் போடணும். தவறவிட்டா, கூட நிக்கிறவரைப் பத்தி ஒரு நல்ல விஷயம் சத்தமாச் சொல்லணும். சொன்னதையே திருப்பிச் சொல்லக் கூடாது. பொய்யும் கூடாது."

"பொய் கூடாதுன்னா ஆட்டமே நடக்காதேக்கா," என்றார் ஒரு கண்டக்டர்.

சீட்டுக் குலுக்கினார்கள். மெக்கானிக்கும் டிரைவரும் ஜோடியாக வந்தார்கள். டீ குடிக்கக் கிளம்பியவர்கள்கூடத் திரும்பி வந்தார்கள்.

(குலுக்கியது அக்கா. சேர்த்து வைத்தது நான்.)

3

மெக்கானிக்கின் தங்கை புருஷன்தான் இந்த டிரைவர். ஒருநாள் கேண்டீனில் வாய் தவறி, "மச்சான் கை வச்ச வண்டி, பிரேக் போட்டா கழுதை மாதிரி கத்துது," என்று சொல்லிவிட்டார். அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்றோடு பேச்சு நின்றது. தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்து பல்லும் முளைத்துவிட்டது. மாமன்காரர் இன்னும் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டுமானால் டிரைவர் வீட்டு வாசலை மிதிக்க வேண்டும். அதற்கு இருவரும் பேசிக்கொள்ள வேண்டும்.

என் திட்டம் எளிது. பந்து தவறும், பாராட்டு வரும், மனம் கரையும். மெக்கானிக் அதில் மண்ணை அள்ளிப் போட்டார். மாப்பிள்ளையைப் புகழவே கூடாது என்ற வைராக்கியத்தில், எல்லோருக்கும் முன்பே வந்து தனியாக எறிந்து பழகினார். அவர் பந்து தவறவே இல்லை. அன்பு வளர நான் விதி எழுத, கூடைப்பந்துதான் வளர்ந்தது. அக்காவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

டிரைவரோ தவறவிட்டுக்கொண்டே இருந்தார்.

"மச்சான் நட்டு நல்லா முடுக்குவாரு."

அடுத்த முறை: "தினம் குளிச்சிட்டு வருவாரு."

அதற்கடுத்து, தலையைச் சொறிந்துகொண்டு: "அவரு தங்கச்சி தங்கமான பொண்ணு."

"அது உங்க வீட்டம்மாவுக்கான பாராட்டு. செல்லாது," என்றார் அக்கா.

டிரைவர் தலையைச் சொறிவதை நிறுத்தினார்.

"கத்துதுன்னு சொன்னேன். ஆனா எத்தனை மலையிறக்கத்துல இறங்கியிருக்கேன், அந்த பிரேக் ஒருநாளும் என்னைக் கைவிட்டதில்ல. மச்சான் பாத்த வண்டின்னாதான் நான் பயமில்லாம ஏறுவேன்."

யாரும் சிரிக்கவில்லை. (இந்த வசனம் என் குறிப்பில் இல்லை. அவராகவே சொன்னார்.)

4

அடுத்தது மெக்கானிக்கின் முறை. இங்கே சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

பந்து தவறியது. இருவரும் ஓடிவந்து கட்டித் தழுவி

(அழித்துவிட்டேன். இருவர் மேலும் அவ்வளவு வியர்வை.)

பந்து உள்ளே விழுந்தது. மெக்கானிக் ஒரு வார்த்தையும் பேசாமல் பட்டறைக்கு

(இதை எழுதியபின் எனக்குச் சோறு இறங்கவில்லை.)

ஆகவே பந்து வளையத்துக்கும் பலகைக்கும் நடுவே போய்ச் சிக்கிக்கொண்டது.

"இது விழுந்த கணக்கா, தவறின கணக்கா?" என்றார் கண்டக்டர்.

"கீழ வரட்டும், சொல்றேன்," என்றார் அக்கா.

துடைப்பம் எட்டவில்லை. வீசிய செருப்பு பேருந்தின் கூரைக்குப் போனது. டிப்போவிலேயே நெட்டை, டிரைவர். ஒல்லி, மெக்கானிக். டிரைவர் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"தோள்ல ஏறுங்க மச்சான்."

மெக்கானிக் சுற்றிலும் பார்த்தார். ஏறினார். இப்போது பந்து அவர் மூக்குக்கு நேரே இருந்தது. உள்பக்கம் தட்டினால் விழுந்த கணக்கு. வாய் திறக்க வேண்டியதில்லை. வெளிப்பக்கம் தட்டினால் தவறிய கணக்கு. கையைத் தூக்கியவர், கீழே பார்க்காமலே கேட்டார்:

"பாப்பா யாரை மாதிரி இருக்கா?"

"உங்க மூக்கு மச்சான். என்ன பண்றது, பொறந்துட்டா."

5

உங்களிடம் ஒன்றை மறைத்திருந்தேன். சுவருக்கு அப்பால் கேட்ட கத்தல், "போதுமா?" என்பதோடு முடியவில்லை. "இறக்கி விடுய்யா!" என்றும் இருந்தது. அந்தச் சொல்லுக்காகத்தான் நான் பந்தை மேலே சிக்கவைத்தேன்.

அதற்கு முன் பந்து தரையில் மோதிய சத்தத்தையும் கேட்டேன் அல்லவா? வளையம் வழியாக விழுந்ததா, வெளியே விழுந்ததா என்பதைச் சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. உள்ளே என்றால், கட்டாயமே இல்லாமல் சொன்ன பாராட்டு. வெளியே என்றால், பாராட்டுவதற்கென்றே தட்டிவிட்ட பந்து. எனக்கு இரண்டுமே பிரார்த்தனைதான்.

ஆனால் ஆட்டக் கணக்குக் கேட்டு அக்கா நிற்கிறார். எந்தப் பக்கம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கொஞ்சம் சீக்கிரம், டிரைவருக்குத் தோள் வலிக்கிறது.