கதிரைக்கு ஓதிய பாத்திஹா

தொடையில் பட்டி இறுக்க எனக்கு றிஸ்லாவின் கைதான் வேண்டும். வேறு யார் கட்டினாலும் உடம்பு நழுவும், எறியும் இரும்புக் குண்டு கிட்டவே விழும். ஏறாவூர் வாவிக்கரை மைதானத்தில் இரும்புக் கதிரையில் இருந்தபடி போட்டிக்குக் குண்டு எறிந்து பழகுகிறேன். அரிசி ஆலையின் பெல்ட் என் இடது காலை எடுத்த பிறகு வீட்டுக்குள் சுருண்டு கிடந்தவளை இங்கே கூட்டி வந்தவளும் அவள்தான். ஆலையில் என் பக்கத்தில் நின்று வேலை செய்தவள். பெல்ட்டின் பாதுகாப்பு மூடியைக் கழற்றி வைக்கும்படி முதலாளி சொன்னதைக் கேட்டவள். தொழில் கந்தோரில் நடக்கும் நட்டஈட்டு விசாரணைக்கு எனக்கிருந்த ஒரே சாட்சி.

"நாளைக்கு விசாரணை. வெள்ளன வா, மறுகா பஸ் கிடைக்காது" என்றேன்.

பட்டியை இழுத்த கை நின்றது.

"இன்னும் என்ன விசாரணை கா? அதுதான் முடிஞ்சிட்டே."

"எப்ப?"

"இந்தக் கதிரை வந்த அண்டைக்கு. மரைக்கார் பாத்திஹா ஓதினாரே. நீயும் கையேந்தி ஆமீன் சொன்னாயே."

எங்கள் குடிக்குள், அதாவது ஒரே வம்சத்தாருக்குள், ஒரு சச்சரவு தீர்ந்தால் குடித் தலைவரான மரைக்கார் பாத்திஹா ஓதித்தான் முடித்து வைப்பார்; ஆமீன் சொன்னவர் பிறகு அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. புதுப் பொருள் வீட்டுக்கு வந்தாலும் ஓதுவார்கள். முதலாளியும் எங்கள் குடிதான். அன்று அவர் வாசலோரம் நின்றதை, சுகம் விசாரிக்க வந்ததாக நினைத்தேன். கதிரை விளையாட்டுக் கழகம் தந்தது என்று றிஸ்லா சொல்லியிருந்தாள். தூரமாக எறிய வேண்டும் என்று மட்டும் கேட்டு, மனம் நிறைந்து ஆமீன் சொன்னேன்.

"கதிரை ஆர் தந்த?"

"முதலாளிதான். ஆலைப் பட்டறையில செய்வித்தது."

"இந்தப் பட்டி?"

அவள் பட்டியிலிருந்து கையை எடுத்தாள். விரலால் தடவினேன். துணி வைத்து ஒட்டிய தடித்த ரப்பர்; ஆலை பெல்ட்டை வெட்டிச் செய்தது. இத்தனை நாள் அதைத் தொட்டும் எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

"சொன்னா நீ இதில இருந்திருப்பியா?" என்றாள். "சுவரைப் பாத்துக்கொண்டே கிடந்திருப்பாய்."

உண்மைதான். அதனால்தான் கூடுதலாக எரிந்தது. ஆலை வேலைக்காக என்னை விற்றுவிட்டாள் என்று மட்டும் நினைக்க முடிந்தால் எவ்வளவு லேசு. என்னை எழுப்பி இருத்திய கையும் என் வாயைப் பொத்திய கையும் ஒன்றாக இருந்தன. எதை முதலில் நினைத்தாள் என்று கேட்கப் பயந்தேன்.

"இறுக்கு" என்றேன்.

இறுக்கினாள். எறிந்தேன். குண்டு இதுவரை ஒருநாளும் போகாத தூரத்தில் போய் விழுந்தது.

"யா அல்லாஹ், பாரு கா!" சின்னப் பிள்ளைபோல் கத்திக்கொண்டு குண்டை எடுக்க ஓடினாள். அந்தச் சந்தோசத்தில் பொய் இல்லை.

"நாளைக்கு வருவியா?"

பாதியில் நின்றாள். "ஆமீனுக்குப் பொறகு நான் எப்படி கா வாறது? குடி என்னைச் சும்மா விடுமா?"

"நான் கதிரைக்குத்தான் ஆமீன் சொன்னன் றிஸ்லா."

அவள் குண்டு கிடந்த பக்கம் திரும்பினாள்.

"சரி. நான் தனியாப் போறன்."

பட்டியை அவிழ்த்துவிட்டு இறங்கினேன். கைகளை ஊன்றி மணலில் நகர்ந்தேன். தூக்க ஓடி வந்தாள்.

"தொடாத."

நானே எறிந்த தூரம், நகர்ந்து போகப் போக நீண்டது. குண்டு மணலில் பாதி புதைந்திருந்தது. தோண்டி எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.