அண்ணி படிக்க ஒரு திரை

மின்னணுக் கடையில் விற்பனையாளனாக இருந்த அவனுக்கு, தன் அண்ணி படிக்க ஒரு கருவி வாங்குவதற்குப் போய் ஏன் இவ்வளவு யோசிக்கிறார் என்று விளங்கவில்லை.

"டேப்லெட்டையே எடுத்துக்குங்க அண்ணி. படம், பாட்டு, கலர் எல்லாம் இருக்கு. இந்தப் பெரிய ஈ-ரீடர் புத்தகம் படிக்க மட்டும்தான், கறுப்பு வெள்ளையில வெறும் எழுத்துதான்."

"எனக்கு அந்த வெறும் எழுத்துதானேப்பா வேணும்," என்றார் அண்ணி. பஸ் ஓட்டுநர் அவர். பழைய கடல் பயண நூல்களின் ஸ்கேன் பக்கங்களைக் கைபேசியில் படித்துப் படித்துக் கண் பூத்துப்போயிருந்தது. "சரி, உன் வாயை அடைக்க ரெண்டையும் ஓட்டிப் பாத்துடறேன்."

கடையில் மாதிரிக்கு வைத்திருந்த இரண்டையும் முதலாளியிடம் கேட்டு ஒரு வாரத்துக்கு வாங்கிக் கொடுத்தான். நான்காம் நாள் அவனுக்கு விடுமுறை. அண்ணியின் பஸ் திரும்பும் கடைசி நிறுத்தத்துக்கே போய்விட்டான்.

பயணிகள் இறங்கியதும் அண்ணி என்ஜினை அணைத்தார். அடுத்த நடைக்குப் பதினோரு நிமிடம். முன்கண்ணாடி வழியாக வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. ஈ-ரீடரை ஸ்டியரிங் மேல் சாய்த்து வைத்துப் படிக்க ஆரம்பித்தார். படியேறி வந்து பக்கத்தில் நின்றவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முழுப்பக்கமும் அச்சடித்த தாள் மாதிரி பளிச்சென்று தெரிந்தது.

"டேப்லெட் என்ன ஆச்சு?"

அண்ணி திடுக்கிட்டுச் சிரித்தார். "வந்துட்டியா? அதுல இந்த வெயிலுக்கு என் மூஞ்சிதாம்பா தெரியுது. அதைத்தான் தினம் வீட்டுலயே பாக்கறேனே! நேத்து கப்பல் பாறையில மோதப் போற நேரம், டிங்குன்னு அதுலயே ஒரு மெசேஜ். யாருன்னு பாத்தா நீ. 'டேப்லெட் எப்படி இருக்கு அண்ணி'ங்கற!"

அவன் அசடு வழிந்தான். "பக்கம் திரும்ப மெதுவா இருக்குமே இதுல?"

"இருக்கட்டுமே. நான் என்ன பந்தயமா ஓட்டறேன்? நிலப்படத்துல கலர் இல்லாதது மட்டும் ஒரு குறைதான். பரவாயில்ல, இதுவே போதும்."

நேரம் ஆனதும் ஈ-ரீடரை அவன் கையில் கொடுத்துவிட்டு பஸ்ஸைக் கிளப்பினார். முன் இருக்கையில் உட்கார்ந்து அவன் பக்கங்களைப் புரட்டினான். ஓரங்களில் எல்லாம் அண்ணி அதனுடன் வந்த பேனாவால் திரையிலேயே எழுதியிருந்தார். 'காத்து எதிர்த்திசையில வீசுது, அப்புறம் எப்படி ரெண்டே நாள்ல போனாங்க?' என்று ஒரு கேள்வி. அதன் கீழே வேகம், தூரம் போட்டுக் கணக்கு. முப்பது பக்கம் தள்ளி நூலாசிரியரே தேதி தவறு என்று ஒப்புக்கொண்டிருந்தார். அங்கே அண்ணி ஒரு சின்ன டிக் மட்டும் போட்டிருந்தார். மூன்றரை நாளில் இருநூற்று நாற்பது பக்கம், எல்லாம் நடைக்கு நடை கிடைத்த இடைவெளியில்.

இத்தனை வருடமாக ஒரே வீட்டில் சாப்பிட்டும் இப்படி ஒருவர் இருப்பது தனக்குத் தெரியவில்லையே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தையும் மீறிப் பெருமை பொங்கியது. பக்கத்து இருக்கைக்காரரிடம், "ஓட்டறாங்களே, அவங்க எங்க அண்ணி," என்றான்.

இறங்க வேண்டிய நிறுத்தம் எப்போது கடந்துபோனது என்று அவனுக்குத் தெரியாது.